ஃபார்கோ ஒலிப்பதிவு, 1940

ஃபார்கோ ஒலிப்பதிவு என்பது அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனும் அவருடைய இசைக்குழுவினரும் 1940 நவம்பர் 7 அன்று ஒரு நடன நிகழ்ச்சியில் வாசித்த இசையின் நேரடி ஒலிப்பதிவு ஆகும். இந்நிகழ்ச்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரின் கிரிஸ்டல் பால்ரூம் என்னும் நடனக் கூடத்தில் நடைபெற்றது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரு இளைஞர்கள் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காக இதனைப் பதிவு செய்தனர். சுமார் இரண்டரை மணி நேர இசை இன்று கிடைக்கிறது.

இப்பதிவு பல ஆண்டுகள் அனுமதியற்ற இசைத்தட்டுகளின் வழியாக இரசிகர்களிடையே சுற்றி வந்தது. 1978 இல் முறையான பதிப்பு வெளியானது. 1980 இல் நடைபெற்ற விழாவில் அப்பதிப்புக்குக் கிராமி விருது வழங்கப்பட்டது. இசைத்தட்டு நிறுவனம் எதுவும் பதிவு செய்ய எண்ணாத ஒரு சாதாரண வேலை நாளின் இசை, இன்று எலிங்டன் குழுவின் மிகச் சிறந்த காலத்துக்கான முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

எட்வர்ட் கென்னடி எலிங்டன் 1899 ஏப்ரல் 29 அன்று வாசிங்டன் நகரில் பிறந்தார். 'டியூக்' என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். 1927 முதல் நியூயார்க் நகரின் காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் வாசித்து, அங்கிருந்து ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சிகளின் மூலம் நாடெங்கும் அறியப்பட்டார். அவர் பியானோ வாசிப்பாளர், இசையமைப்பாளர், குழுத் தலைவர் ஆகிய மூன்று பணிகளையும் ஒருங்கே செய்தவர். பொதுவான ஒரு டிரம்பெட் கலைஞருக்காகவோ சாக்சபோன் கலைஞருக்காகவோ அவர் இசை எழுதியதில்லை. தம் குழுவிலுள்ள இன்னாரின் ஒலி இப்படிப்பட்டது என்று அறிந்து, அந்த மனிதருக்கென்றே எழுதினார். ஆதலால் குழுவில் ஒருவர் மாறினால் இசையும் மாறியது.

1939 முதல் 1942 வரையான காலக் குழுவைப் பிற்கால இசை ஆய்வாளர்கள் 'பிளான்டன்-வெப்ஸ்டர் குழு' என்று குறிப்பிடுகின்றனர். 1939 இன் பிற்பகுதியில் பேஸ் கலைஞர் ஜிம்மி பிளான்டனும், 1940 இன் தொடக்கத்தில் டெனார் சாக்சபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் குழுவில் சேர்ந்தனர். பேஸ் என்பது ஆளுயரமுள்ள, தாழ்ந்த சுருதி கொண்ட நரம்பிசைக் கருவி. அதுவரை தாளத்தைத் தாங்கி நிற்கும் கருவியாகவே பெரும்பாலும் பயன்பட்ட பேஸைத் தனித்து இசை பேசும் கருவியாக உயர்த்தியவர் பிளான்டன். இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1939 இல் எலிங்டனுடன் இணைந்தார்.

1940 ஆம் ஆண்டில் மட்டும் 'கோ-கோ' (மார்ச் 6), 'காங்கா பிராவா' (மார்ச் 15), 'காட்டன் டெயில்' (மே 4), 'ஹார்லெம் ஏர் ஷாஃப்ட்' (சூலை 22) முதலிய புகழ்பெற்ற ஆக்கங்களைக் குழு விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது. இவை அனைத்தும் கலையகப் பதிவுகள்.

மூன்று நிமிட எல்லை

அக்காலத்தில் விற்பனையான இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழன்றன. 10 அங்குல விட்டமுள்ள தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கும். ஆகவே கலையகத்தில் வாசிக்கப்படும் ஒவ்வோர் ஆக்கமும் மூன்று நிமிடத்துக்குள் முடியுமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்டது. ஒருவருடைய கற்பனை வாசிப்பு எத்தனை தாள வட்டங்கள் நீளலாம் என்பதும் அதே கணக்கில் தீர்மானிக்கப்பட்டது.

தமிழ் இசை இரசிகர்களுக்கு இந்த இடர்ப்பாடு புதிதன்று. அதே 78 சுழற்சித் தட்டுகளில் பதிவான கருநாடக இசையிலும் ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் ஆகியவை சுருக்கப்பட்டன அல்லது விடப்பட்டன. கச்சேரியில் அரை மணி நேரம் விரியக்கூடிய ஓர் இராகம், தட்டில் மூன்று நிமிட மாதிரியாகவே கிடைத்தது. மனோதருமத்தை உயிராகக் கொண்ட எந்த இசைக்கும் இந்த எல்லை பெரிய இழப்பாகும்.

எலிங்டன் குழு ஆண்டில் பெரும்பாலான இரவுகளைக் கலையகத்துக்கு வெளியே, நடனக் கூடங்களிலும் அரங்குகளிலும் கழித்தது. ஓர் இரவு ஓர் ஊர், மறுநாள் வேறோர் ஊர் என்ற முறையில் தொடர்ந்து பயணம் செய்தது. அங்கே மூன்று நிமிட எல்லை கிடையாது. மக்கள் ஆடும் வரை ஒரு பாடலை நீட்டலாம். இவ்வாறு வாசித்த இசை அன்றன்றே காற்றில் கரைந்துபோனது.

ஒலிப்பதிவாளர்களும் அனுமதியும்

ஜாக் டவர்சும் டிக் பரிசும் தெற்கு டகோட்டா மாநிலக் கல்லூரியுடன் தொடர்புடைய இளைஞர்கள். எலிங்டன் இசையின் தீவிர இரசிகர்கள். வானொலிப் பணியின் மூலம் தட்டு வெட்டும் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கையாளும் பயிற்சியும் அவர்களுக்கு இருந்தது. எலிங்டன் ஃபார்கோவுக்கு வருகிறார் என்ற செய்தி கிடைத்ததும், அவருடைய நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துவந்த நியூயார்க்கின் வில்லியம் மோரிஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டனர். பதிவை வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையுடன் இசைவு கிடைத்தது. எலிங்டனும் கூட ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி நாளன்று இளைஞர்கள் எலிங்டனைக் கண்டு கேட்டபோது அவர் இணங்கினார். எனினும் அவருக்குச் சிறு தயக்கம் இருந்தது. பதினோர் ஆண்டுகளாகக் குழுவின் தூணாக விளங்கிய டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் அப்போதுதான் விலகி, பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்திருந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ரே நான்ஸ் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. டிரம்பெட் பிரிவு இன்னும் ஒழுங்குக்கு வராத நிலையில் ஒலிப்பதிவு எதற்கு என்பதே அத்தயக்கத்துக்குக் காரணம்.

இந்த விவரம் முக்கியமானது. ஃபார்கோ ஒலிப்பதிவு பெரும்பாலும் 'திருட்டுப் பதிவு' என்ற பட்டியலில் வைத்துப் பேசப்படுகிறது. உண்மையில் பதிவு செய்த செயல் கலைஞரின் அறிவுடனும் இசைவுடனும் நடந்தது. பிற்காலத்தில் அதனைப் பிறர் பணத்துக்காக வெளியிட்டதே அனுமதியற்ற செயலாகும்.

இசைக்குழு

அன்றிரவு வாசித்தோர் பின்வருமாறு:

- பியானோ: டியூக் எலிங்டன்
- டிரம்பெட்: வாலஸ் ஜோன்ஸ், ரே நான்ஸ் (வயலினும் வாசிப்பவர், பாடுபவர்)
- கார்னெட்: ரெக்ஸ் ஸ்டூவர்ட்
- டிராம்போன்: ஜோ நான்டன், லாரன்ஸ் பிரவுன், உவான் டிசோல்
- சாக்சபோன், கிளாரினெட்: பார்னி பிகார்ட், ஜானி ஹாட்ஜஸ், ஓட்டோ ஹார்ட்விக், பென் வெப்ஸ்டர், ஹாரி கார்னி
- கிட்டார்: ஃப்ரெட் கை
- பேஸ்: ஜிம்மி பிளான்டன்
- டிரம்ஸ்: சானி கிரீர்
- பாடகர்கள்: ஐவி ஆண்டர்சன், ஹெர்ப் ஜெஃப்ரிஸ்

ஒலிப்பதிவு முறை

காந்த நாடா 1940 இல் அமெரிக்காவில் புழக்கத்தில் இல்லை. கலையகத்துக்கு வெளியே ஒலியைப் பதிய விரும்புவோர், ஒலியை நேரடியாகத் தட்டில் வெட்டும் கருவியைப் பயன்படுத்தினர். டவர்சும் பரிசும் பிரெஸ்டோ நிறுவனத்தின் எடுத்துச் செல்லத்தக்க வெட்டுக் கருவியைக் கொண்டுவந்து மேடைக்கு அருகில் அமைத்தனர்.

இக்கருவியின் செயற்பாடு எளிமையானது. அலுமினியத் தகட்டின் மீது மென்மையான அரக்குப் பூச்சு இடப்பட்டிருக்கும். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்குறிகை பெருக்கப்பட்டு, கூரிய ஊசி பொருத்திய வெட்டுத் தலையை அசைக்கும். சுழலும் தட்டில் ஊசி ஒரு பள்ளத்தை வெட்டிக்கொண்டே செல்லும். ஒலியின் அதிர்வு அப்பள்ளத்தின் பக்கவாட்டு நெளிவாகப் பதியும். வெட்டப்பட்ட பூச்சு மெல்லிய நூலிழை போலச் சுருண்டு எழும். அது ஊசியில் சிக்கினால் பள்ளம் கெட்டுவிடும். எனவே பதிவு நடக்கும்போதே அதனைத் தொடர்ந்து துடைத்து அகற்ற வேண்டும். ஒலியின் அளவையும் அப்போதைக்கப்போதே கட்டுப்படுத்த வேண்டும். ஒலி மிகுந்தால் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். குறைந்தால் இரைச்சலில் இசை மூழ்கிவிடும். தவறியதைத் திருத்த மறுவாய்ப்புக் கிடையாது.

அவர்கள் பயன்படுத்தியவை 16 அங்குல விட்டமுள்ள, நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் தட்டுகள். வானொலி நிலையங்கள் கையாண்ட இவ்வளவிலான தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம் பதியலாம். இதன் பயனைச் சிறு கணக்கால் உணரலாம். இரண்டரை மணி நேர இசையைக் கடைத் தட்டுகளில் அடக்க 50 பக்கங்கள், அதாவது 25 தட்டுகள் தேவைப்பட்டிருக்கும். 16 அங்குலத் தட்டுகளில் ஏறத்தாழப் பத்துப் பக்கங்களே போதும். நீண்ட நேரம் தடையின்றி ஓடியதால்தான், மூன்று நிமிட எல்லையைத் தாண்டிய வாசிப்புகள் இப்பதிவில் பிடிபட்டன.

ஆயினும் தட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இசை நழுவியது. குழு காத்திருக்கவில்லை, நடனமாடுவோரும் காத்திருக்கவில்லை. இதனால் சில ஆக்கங்கள் தொடக்கமின்றியும் சில முடிவின்றியும் உள்ளன. நாடாவில் போல ஒட்டி வெட்டும் வசதி தட்டில் இல்லை. ஆகவே பதிவில் கேட்பது அந்த நேரத்தில் நடந்ததன்றி வேறில்லை.

ஒலிவாங்கிகள் கருவிகளுக்கு அருகில் இருந்ததால் ஒலித்தரம் எதிர்பார்ப்பை விஞ்சியது. குறிப்பாகப் பிளான்டனின் பேஸ் தெளிவாகக் கேட்கிறது. அக்காலக் கலையகப் பதிவுகள் பலவற்றில் பேஸ் பின்னணியில் தேய்ந்து ஒலிப்பதை நோக்க, இது சிறப்பான பேறாகும்.

உள்ளடக்கம்

கிடைத்துள்ள பதிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள் உள்ளன. முழுமையற்ற துணுக்குகளும் இவற்றுள் அடங்கும். இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அதே ஆண்டில் கலையகத்தில் பதிவான புதிய ஆக்கங்கள். 'கோ-கோ', 'காட்டன் டெயில்', 'ஹார்லெம் ஏர் ஷாஃப்ட்', 'காங்கா பிராவா', 'வார்ம் வேலி', அக்காலத்தில் குழுவின் அடையாள இசையாக விளங்கிய 'செபியா பனோரமா' ஆகியவை இதில் அடங்கும். பின்னாளில் சொற்கள் சேர்க்கப்பட்டு வேறு பெயரில் புகழ்பெற்ற 'நெவர் நோ லாமென்ட்' என்பதும் இங்கே வாத்திய வடிவில் உள்ளது. கலையகப் பதிவையும் இப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்போர், எழுதி வைத்த பகுதி எது, அன்றன்று கற்பனையில் பிறந்த பகுதி எது என்பதைப் பிரித்தறிய முடிகிறது.

இரண்டாம் வகை, குழுவின் பழைய உருப்படிகள். 'த மூச்', 'மூட் இண்டிகோ', 'ராக்கின் இன் ரிதம்', 'கேரவன்', 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி' முதலியன. பத்தாண்டுக்கு மேற்பட்ட இசையும் புதிய குழுவின் கையில் எவ்வாறு மாறியது என்பதை இவை காட்டுகின்றன. ரெக்ஸ் ஸ்டூவர்ட்டை முன்னிறுத்தும் 'பாய் மீட்ஸ் ஹார்ன்', பார்னி பிகார்டை முன்னிறுத்தும் 'கிளாரினெட் லாமென்ட்' ஆகியவையும் இவ்வகையின.

மூன்றாம் வகை, அந்நாளில் மக்களிடையே பரவியிருந்த பிறருடைய பாடல்கள். நடன நிகழ்ச்சி என்பது கூலிக்குச் செய்யும் பணி. ஆட வந்தோர் விரும்பும் பாடல்களை வாசித்தாக வேண்டும். 'ஃபெர்ரிபோட் செரினேட்' போன்ற அன்றைய வெற்றிப் பாடல்களை எலிங்டன் குழுவின் கலையகத் தட்டுகளில் தேடிப் பயனில்லை. இப்பதிவே அவற்றைக் காட்டுகிறது.

இம்மூன்றாம் வகையிலேயே பதிவின் உச்சம் அமைந்தது. ஹோகி கார்மைக்கேல் இயற்றிய 'ஸ்டார் டஸ்ட்' பாடலைப் பென் வெப்ஸ்டர் டெனார் சாக்சபோனில் வாசித்துள்ளார். மூச்சுக்காற்றும் நாதமும் கலந்து ஒலிக்கும் அவருடைய பாணி முழுமையாக வெளிப்படும் வாசிப்புகளுள் இது ஒன்று. வெப்ஸ்டரைக் கொண்டு இப்பாடலைக் குழு கலையகத்தில் பதிவு செய்யவில்லை. தம்முடைய வாசிப்புகளில் வெப்ஸ்டரே பெரிதும் மதித்த ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது. இதன் படியொன்றை அவர் கேட்டுப் பெற்று வைத்திருந்தார்.

டபிள்யூ. சி. ஹாண்டியின் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' மற்றோர் உச்சம். ஐவி ஆண்டர்சனின் பாட்டுக்குப் பின்னர் வெப்ஸ்டரும் நான்டனும் மாறி மாறி எழுப்பும் வாசிப்பு, கூடத்தின் ஆரவாரத்தோடு சேர்ந்து பதிவாகியுள்ளது. நான்டன் டிராம்போனின் வாயில் அடைப்பான் வைத்து மனிதக் குரல் போன்ற ஒலியை எழுப்புவதில் வல்லவர்.

இசைக்கு இடையே எலிங்டன் தம் கலைஞர்களைக் குரல் கொடுத்து ஊக்குவிப்பதும், கூட்டத்தின் பேச்சொலியும், கைதட்டலும் கேட்கின்றன. இரவின் இறுதியில் 'காட் பிளெஸ் அமெரிக்கா' ஒலிக்கிறது.

வெளியீட்டு வரலாறு

டவர்சும் பரிசும் கொடுத்த வாக்கைக் காத்து, பதிவை விற்பனைக்கு விடவில்லை. எனினும் நண்பர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் படிகள் சென்றன. படியிலிருந்து படி, அதிலிருந்து மற்றொரு படி என்று பெருகியபோது, சில படிகள் ஐரோப்பாவின் சிறு இசைத்தட்டு வெளியீட்டாளர்களை எட்டின. அனுமதியின்றிப் பல தட்டுகள் வெளியாயின. அவற்றில் ஒலித்தரம் குறைந்திருந்தது. கலைஞர்களுக்கோ அவர்களுடைய குடும்பங்களுக்கோ அவற்றால் வருவாய் கிடைக்கவில்லை.

எலிங்டன் 1974 மே 24 அன்று காலமானார். 1978 இல் புக் ஆஃப் த மன்த் கிளப் நிறுவனம் இப்பதிவை மூன்று நெடுந்தட்டுகளாக முறைப்படி வெளியிட்டது. இம்முறை மூலத் தட்டுகளிலிருந்தே ஒலி எடுக்கப்பட்டது. 1980 இல் நடந்த 22 ஆம் கிராமி விருது விழாவில் பெருங்குழு ஜாஸ் வாத்திய இசைப் பிரிவில் இதற்கு விருது கிடைத்தது. நிகழ்ச்சி நடந்து அப்போது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசித்தவர்களில் பலர் உயிருடன் இல்லை.

பின்னர் இது குறுந்தட்டாகவும் வெளிவந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டோரிவில் நிறுவனம் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி இரு குறுந்தட்டுகள் கொண்ட பதிப்பை வெளியிட்டது.

ஜாக் டவர்ஸ் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வானொலிப் பிரிவில் பணியாற்றினார். பழைய ஜாஸ் தட்டுகளின் இரைச்சலை நீக்கி மறுபதிப்புக்கு ஆயத்தம் செய்வதில் பெயர்பெற்ற வல்லுநராகவும் விளங்கினார். அவர் 2010 இல் காலமானார்.

வரலாற்று முக்கியத்துவம்

இப்பதிவு நிகழ்ந்த காலத்தைக் கருதினால் அதன் அருமை விளங்கும்.

1941 சனவரி 1 முதல் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் இடையே உரிமத்தொகை பற்றிய பூசல் முற்றி, அச்சங்க உறுப்பினர்களின் இசை வானொலியில் ஒலிப்பது நின்றது. எலிங்டனும் அதன் உறுப்பினர். ஆகவே ஃபார்கோ இரவுக்கு எட்டு வாரங்களுக்குப் பின்னர் அவருடைய சொந்த ஆக்கங்களை அவரே வானொலியில் வாசிக்க இயலாத நிலை ஏற்பட்டது. அது சில மாதங்கள் நீடித்தது. 1942 ஆகத்து 1 முதல் இசைக்கலைஞர் தொழிற்சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. விக்டர் நிறுவனத்தைப் பொறுத்தவரை அது 1944 நவம்பரில்தான் முடிந்தது. அந்த இடைவெளியில் குழுவின் வணிகப் பதிவுகள் நின்றன.

குழுவும் நிலைக்கவில்லை. ஜிம்மி பிளான்டன் காசநோயால் 1942 சூலை 30 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 23. பார்னி பிகார்டும் ஐவி ஆண்டர்சனும் 1942 இலும், பென் வெப்ஸ்டர் 1943 இலும் விலகினர். ஜோ நான்டன் 1946 இல் இறந்தார். இக்கலைஞர்கள் ஒன்றுகூடி, நேர எல்லையின்றி, மக்கள் முன்னிலையில் வாசித்ததற்கு இவ்வளவு நீண்ட, இவ்வளவு தெளிவான சான்று வேறு எதுவும் இல்லை.

இதற்கு மாறான நிகழ்வும் எலிங்டன் வரலாற்றிலேயே உண்டு. 1956 சூலை 7 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவருடைய குழு வாசித்ததைக் கொலம்பியா நிறுவனம் முறையாகப் பதிவு செய்தது. ஆயினும் அவ்வாண்டு வெளியான தட்டின் பெரும்பகுதி கலையகத்தில் மீண்டும் வாசிக்கப்பட்டு, கைதட்டல் ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் நாடா கண்டெடுக்கப்பட்ட பின்னரே, 1999 இல் உண்மையான நிகழ்ச்சி வெளியிடப்பட்டது. பெரும் நிறுவனத்தின் 'நேரடிப் பதிவு' ஒப்பனை செய்யப்பட்டதாகவும், இரு இளைஞர்களின் பதிவு ஒப்பனையற்றதாகவும் அமைந்தன.

இதனை ஒத்த பதிவுகள்

ஜாஸ் வரலாற்றில் இரசிகர்கள் காத்துத் தந்த பதிவுகள் வேறு பலவும் உள்ளன.

- 1941 இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமன், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள மின்டன்ஸ் பிளேஹவுஸ் விடுதியில் நள்ளிரவுக்குப் பின் நடந்த கூட்டு வாசிப்புகளைத் தட்டில் பதிந்தார். 1942 இல் இளம் வயதில் இறந்த கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் நீண்ட வாசிப்புகள் இவ்வழியாகவே கிடைத்தன.
- 1947, 1948 ஆம் ஆண்டுகளில் டீன் பெனடெட்டி என்பவர் சார்லி பார்க்கரின் சாக்சபோன் வாசிப்புகளைத் தேடித் தேடிப் பதிந்தார். பெரும்பாலும் பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் கருவியை ஓடவிட்டு, மற்றவர் முறை வந்ததும் நிறுத்தினார். இத்தொகுப்பு 1990 இல் வெளியானது.
- 1930களின் பிற்பகுதியில் ஒலிப்பொறியாளர் பில் சேவரி வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து பதிந்த தட்டுகளை, 2010 இல் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் பெற்றது.

விருந்தில் பதிவான இசைக்கு நிறுவனம் சார்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1958 செப்டம்பர் 9 அன்று கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் அளித்த விருந்தில் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ் ஆகியோரின் குழுக்கள் வாசித்தன. அந்தப் பதிவும் 1973 இல்தான் வெளியிடப்பட்டது.

உரிமைச் சிக்கல்

அனுமதியற்ற இசைப் பதிப்புகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. விற்பனையிலுள்ள தட்டைப் படியெடுத்து விற்பது ஒரு வகை. எவரும் வெளியிடாத நிகழ்ச்சியைக் கலைஞரின் இசைவின்றிப் பதிந்தோ, பதிந்ததைப் பெற்றோ விற்பது மற்றொரு வகை. ஃபார்கோ பதிவின் ஐரோப்பியப் பதிப்புகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15 க்கு முன் பதிவான ஒலிகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவில்லை; மாநிலச் சட்டங்களே இருந்தன. 2018 இல் இயற்றப்பட்ட இசை நவீனமயமாக்கல் சட்டம் பழைய பதிவுகளையும் கூட்டாட்சிப் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவந்தது. இந்தியாவில் நிகழ்த்துநர் உரிமை 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் காலத்தை 50 ஆண்டுகளாக நீட்டித்தது.

ஃபார்கோ பதிவு இச்சிக்கலின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. நிபந்தனை விதித்துப் பதிவையே தடுத்திருந்தால் இந்த இசை அழிந்திருக்கும். வரம்பின்றி விற்க விட்டதால் உழைத்த கலைஞர்களுக்கு உரியது சேரவில்லை. முதலில் இசைவு பெற்றுப் பதிதல், பின்னர் உரிமையாளரின் ஒப்புதலுடன் வெளியிடுதல் என்ற இரு படிகளும் நிறைவேற இங்கே 38 ஆண்டுகள் ஆயின.

தெற்காசியத் தொடர்பு

எலிங்டன் குழுவின் இசை தமிழகத்திலும் இலங்கையிலும் நேரடியாக ஒலித்துள்ளது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் 1963 இல் மேற்கு ஆசியாவிலும் தெற்காசியாவிலும் குழு சுற்றுப்பயணம் செய்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய இந்திய நகரங்களிலும் கொழும்பிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டு நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டதை அடுத்துப் பயணம் இடையில் நிறுத்தப்பட்டது. இப்பயணத்தின் தூண்டலால் எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் இயற்றிய 'ஃபார் ஈஸ்ட் சூட்' 1966 இறுதியில் பதிவாகி 1967 இல் வெளியானது. ஃபார்கோவில் வாசித்த ஹாரி கார்னியும் ஜானி ஹாட்ஜசும் இவ்விசையிலும் பங்கேற்றனர்.

இரசிகரின் ஒலிப்பதிவு கலையைக் காத்த வரலாறு தமிழகத்துக்கும் உரியது. நாடாப் பதிவுக் கருவிகள் பரவிய பின்னர் சபாக்களிலும் கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் நடந்த கச்சேரிகளை இரசிகர்கள் பதிந்து வைத்தனர். மதுரை மணி ஐயர் (1912-1968) போன்றோரின் கச்சேரி இசையைப் பிற்காலத் தலைமுறையினர் கேட்க முடிவதற்கு இத்தகைய பதிவுகள் பெரிதும் துணைபுரிந்தன. ஃபார்கோவைப் போலவே இவற்றிலும் ஒலிவாங்கிக்கு அருகே இருந்தவரின் தாளம் போடும் ஓசையும், பந்தலின் சலசலப்பும், தொடக்கம் விடுபட்ட கீர்த்தனைகளும் உண்டு.

மூலப் பதிவுகளின் பாதுகாப்பு

அரக்குப் பூச்சுத் தட்டுகள் நீண்ட காலம் நிலைப்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பள்ளம் தேய்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பூச்சு சுருங்குகிறது. அடியிலுள்ள உலோகம் சுருங்குவதில்லை. இதனால் பூச்சு வெடித்து உதிர்கிறது. காந்த நாடாக்களும் ஈரத்தாலும் வெப்பத்தாலும் பூஞ்சையாலும் கெடுகின்றன. ஆகையால் தனியாரிடமுள்ள பழைய பதிவுகளை அடிக்கடி ஓட்டிப் பார்க்காமல், தக்க கருவி உள்ள இடத்தில் ஒருமுறை நன்கு எண்ணிம வடிவுக்கு மாற்றி வைப்பதே ஏற்ற வழியாகும். நாள், இடம், கலைஞர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி வைப்பதும் ஒலியைக் காப்பதைப் போன்றே இன்றியமையாதது. ஃபார்கோ தட்டுகள் பயன்பட்டதற்கு, பதிந்தவர்கள் அவற்றை நாற்பது ஆண்டுகள் கெடாமல் வைத்திருந்ததும், எதை எப்போது பதிந்தோம் என்பதை அறிந்திருந்ததும் காரணங்களாகும்.